விசில் அடிக்காத ஊர்

திருச்சியில் என் வீட்டில் பொழுது விடிவது குக்கர் விசிலில்தான். சாதத்துக்கு மூன்று, பருப்புக்கு நாலு என்று காது எண்ணிக்கொண்டிருக்கும். கை அதுபாட்டுக்குக் காய் நறுக்கும். 32 வருஷப் பழக்கம். அந்த விசிலே கேட்காத ஓர் ஊரில் ஐந்து மாதம் இருந்து, சமைத்து, ஒரு பிரசவத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் தலைநகரம் டென்வர். ராக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே, சமவெளி முடிகிற இடத்தில் இருக்கிறது. என் மகளும் மாப்பிள்ளையும் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள். மகளுக்கு முதல் பிரசவம். மே மாதம் நான் தனியாகவே விமானம் ஏறினேன்.

புறப்படுமுன், "நம்ம குக்கர் ஒண்ணு எடுத்துட்டு வரட்டுமா?" என்று போனில் கேட்டேன்.

"வேண்டாம்மா. பெட்டி 23 கிலோவுக்கு மேலே போயிடும். இங்கே கரண்ட் குக்கர் இருக்கு" என்றாள். சொன்ன குரலில் ஒரு தயக்கம் இருந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை.

பந்து போல உப்பிய முறுக்கு

டென்வரில் இறங்கி வீட்டில் பெட்டியைத் திறந்தால் முதல் ஆச்சரியம். திருச்சியில் கடைக்காரர் இயந்திரத்தில் ஒட்டிக் கொடுத்த முறுக்கு பாக்கெட்டுகள் எல்லாம் பந்து போல உப்பிக்கொண்டு நின்றன. கெட்டுப்போயிற்றோ என்று பயந்து ஒன்றைப் பிரித்தேன். 'புஸ்' என்று காற்று போயிற்று. முறுக்கு மொறுமொறுவென்று நன்றாகவே இருந்தது.

இரண்டாவது ஆச்சரியம், மாடிப்படி. பத்துப் படி ஏறினால் மூச்சு வாங்கியது. உதடு வெடித்தது. மாப்பிள்ளை ஒரு பெரிய தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்து, "அத்தை, இதைத் தினமும் காலி பண்ணிடணும். இந்த ஊர்லே காத்து ரொம்ப வறட்சி. முதல் ரெண்டு நாள் மெதுவாவே நடங்க" என்றார். அப்படியே செய்தேன், நாலைந்து நாளில் உடம்பு பழகிவிட்டது.

அந்த வார இறுதியில் சட்டசபைக் கட்டடத்தைப் பார்க்க அழைத்துப் போனார்கள். தங்கத் தகடு போர்த்திய கோபுரம் வெயிலில் தகதகவென்று மின்னுகிறது. அந்தப் பக்கத்து மலைகளில் 19-ஆம் நூற்றாண்டில் தங்கம் தேடி வந்தவர்களால்தான் ஊரே உண்டாயிற்றாம். அதன் நினைவாகத் தங்கம்.

என் மனத்தில் நின்றது கோபுரமல்ல, அதன் மேற்குப் பக்கத்துப் படிகள். ஒரு படியில் 'கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரம்' என்று ஆங்கிலத்தில் செதுக்கியிருக்கிறார்கள். 5,280 அடி! அது பதினைந்தாவது படி. 1969-இல் மறுபடி அளந்து, இல்லை, பதினெட்டாவது படிதான் என்று அங்கே ஓர் அடையாளம் பதித்தார்கள். 2003-இல் புதிய முறையில் அளந்ததில் பதின்மூன்றாவது படி என்று வந்தது. மூன்று படியிலும் அடையாளம் இருக்கிறது! நிறைமாத வயிற்றோடு மகள் பதின்மூன்றாவது படியில் உட்கார்ந்துகொள்ள, நான் பதினெட்டில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். நமக்கும் இந்த உயரத்துக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் அன்று நினைத்தேன். சம்பந்தம் சமையலறையில் காத்துக்கொண்டிருந்தது.

வேகாத பருப்பு

ஜூன் மாதக் கடைசியில் பேத்தி பிறந்தாள். சுகப்பிரசவம். இரண்டே நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த மகள் கேட்டது ஒன்றே ஒன்று: "அம்மா, குழைய வெந்த பருப்பும், பூண்டு ரசமும், சாதமும் போடு. போதும்."

அதுவரை மாப்பிள்ளை வாங்கி வைத்திருந்ததையும், அடுப்பில் வாணலி வைத்து நான் செய்ததையும் வைத்து ஒப்பேற்றியாயிற்று. அன்றுதான் முதல் தடவையாக அந்தக் கரண்ட் குக்கரை வெளியே எடுத்தேன். வெளிக்கூட்டுக்குள் ஒரு எவர்சில்வர் பாத்திரம், மேலே கனமான மூடி, முன்னால் பொத்தான்கள். பருப்பையும் தண்ணீரையும் விட்டு, மூடி, பொத்தானை அமுக்கிவிட்டு விசிலுக்குக் காத்திருந்தேன்.

காத்திருந்தேன், காத்திருந்தேன், முக்கால் மணி ஆயிற்று. மேலே இருந்த குமிழ் வழியாக ஆவி மட்டும் சன்னமாகப் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வந்து பார்த்துவிட்டு, "அத்தை, இது விசிலே அடிக்காது. இந்தக் குமிழை இந்தப் பக்கம் திருப்பினாத்தான் ஆவி உள்ளே நிக்கும்" என்று திருப்பி வைத்தார். பிரஷர் ஏறினால் மூடியில் இருக்கும் சின்ன உலோகக் குண்டு மேலே எழும்பும், அதுதான் அடையாளம் என்றார்.

குண்டு எழும்பவில்லை. மறுநாளும் எழும்பவில்லை. மூன்றாம் நாள், அடி பிடித்துவிட்டது என்று அந்த இயந்திரமே எழுத்தில் காட்டி நின்றுவிட்டது. திறந்தால் அடியில் கருகல், மேலே பல்லில் கடிபடும் பருப்பு. வடித்த சாதத்தில் தயிரை ஊற்றிக் கொண்டுபோய் மகளிடம் கொடுத்தேன்.

தட்டை வாங்கியவள் அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிரசவமான உடம்பு, இரவெல்லாம் தூக்கமில்லை, அதுதான் என்று முதுகைத் தடவினேன்.

"அது இல்லேம்மா. மூணு மாசமா இந்தக் குக்கர் இப்படித்தான் இருக்கு. பருப்பு வேகலைன்னு உன்கிட்டே போன்லே சொன்னேனே, ஞாபகம் இருக்கா? கம்ப்யூட்டர் தெரிஞ்ச கைக்குப் பருப்பு வேகவைக்கத் தெரியலையான்னு சிரிச்சே. அதுக்கப்புறம் நான் சொல்றதையே விட்டுட்டேன். பாதி நாள் ரொட்டிதான். இப்போ உனக்கும் வேகலைன்னதும்..."

சுருக்கென்றது. அந்தப் போன் எனக்கு நன்றாக நினைவிருந்தது. பக்கத்தில் இருந்த என் தங்கையிடம்கூட அதைச் சொல்லிச் சிரித்தேன். விமான நிலையத்தில் அவளைப் பார்த்ததும், "ஏண்டி இப்படி இளைச்சிருக்கே? வாய்க்கு வக்கணையா சமைச்சுச் சாப்பிடக் கூடாதா?" என்று கேட்டதும் நான்தான்.

மூடியைப் பிரித்துப் பார்த்தேன்

மறுநாள் குழந்தை தூங்கியதும் குக்கரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நம் ஊர் குக்கரில் காஸ்கெட் மாற்றுவதும், வெயிட் துவாரத்தை ஊசியால் குத்துவதும் எனக்குப் புதிதல்ல. இதுவும் ஒரு குக்கர்தானே! மாப்பிள்ளை, கூட வந்த புத்தகத்தைப் படித்துப் படித்துத் தமிழில் சொன்னார்.

முதலில் வெறும் தண்ணீர். மூன்று கப் தண்ணீர் மட்டும் விட்டு ஐந்து நிமிடம் வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தது. எவ்வளவு நல்ல யோசனை! பருப்பு பாழாகாது, ஆவி எங்கே ஒழுகுகிறது என்றும் தெரிந்துவிடும். குமிழ் சரியாகத்தான் திரும்பியிருந்தது. ஆனால் மூடியின் விளிம்பில் ஒரு பக்கமாக ஆவி கசிந்தது. கையை வைக்காமல், தள்ளி நின்றே பார்த்தேன்.

பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, மூடியைத் திருப்பினேன். உள்ளே ரப்பர் போல ஒரு வளையம், நம் காஸ்கெட் மாதிரியே. அது உட்காரவேண்டிய கம்பி வளையத்தில் ஓரிடத்தில் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. உள்ளே அழுத்தினால் இன்னோரிடத்தில் துருத்தியது. நாளாக நாளாகச் சூட்டில் தளர்ந்து நீண்டுவிட்டது. புது வளையம் இரண்டு வாங்கிவரச் சொன்னேன்.

மறுநாள் புது வளையம் போட்டு மறுபடி தண்ணீர். விளிம்பில் கசிவு நின்றது. ஆனாலும் குண்டு எழும்பவில்லை; அது இருக்கும் துவாரம் வழியாக ஆவி வந்துகொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் அப்படி வருவது சகஜம், குண்டு எழும்பினால் நின்றுவிடும் என்று புத்தகம் சொன்னது. நிற்கவில்லை. மறுபடி ஆறவிட்டு, மூடியின் உட்புறத்தில் குண்டைப் பிடித்திருக்கும் சின்ன ரப்பர் தொப்பியைக் கழற்றினேன். அடடா! என்றைக்கோ பொங்கிய பருப்பு நுரை காய்ந்து, பசை போட்ட மாதிரி அப்பிக்கொண்டிருந்தது. குண்டு எப்படி எழும்பும்? வெந்நீரில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்ததும், குண்டு தன் துவாரத்தில் மேலும் கீழும் தாராளமாக ஓடியது. ஆவி போகும் குழாயையும் சுத்தம் செய்தேன்.

மூன்றாம் முறை தண்ணீர். எட்டாவது நிமிடம் 'டக்' என்றது. குண்டு மேலே! ஆவிச் சத்தம் அடங்கிப்போயிற்று. படுக்கையறையிலிருந்து, "என்னம்மா சத்தம்?" என்றாள் மகள். "உன் பருப்புடி!" என்றேன்.

அடி பிடித்ததற்கும் காரணம் விளங்கிற்று. ஆவி ஒழுகிக்கொண்டே இருந்தால் உள்ளே தண்ணீர் சுண்டும், அடி தீயும், பிரஷர் மட்டும் ஏறாது. பாவம், இயந்திரம் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

ஒரு மைல் உயரத்துச் சமையல்

அன்று பருப்பு வெந்தது. ஆனால் நான் நினைத்த குழைவு இல்லை. நியூஜெர்சியில் இருக்கும் மகளின் தோழி, இதே குக்கரில் 12 நிமிடம் போதும் என்று சொல்லியிருந்தாள். அவள் வீட்டில் வெண்ணெயாக வேகுமாம். இங்கே மட்டும் என்ன கேடு?

மாப்பிள்ளை ஓர் உப்பிய முறுக்கு பாக்கெட்டை எடுத்து மேஜையில் வைத்தார். "திருச்சியிலே ஒட்டினபோது உள்ளேயும் வெளியேயும் காத்தோட அழுத்தம் ஒண்ணு. இங்கே உயரம் ஜாஸ்திங்கறதாலே வெளியே அழுத்தம் ஆறிலே ஒரு பங்கு குறைவு. அதான் உள்ளே இருக்கிற காத்து தள்ளிக்கிட்டு நிக்குது. காத்தோட அழுத்தம் குறைஞ்சா தண்ணியும் சீக்கிரமே கொதிச்சுடும் அத்தை."

சீக்கிரம் கொதித்தால் நல்லதுதானே என்று கேட்டேன். இல்லையாம். திருச்சியில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் அது குறைகிறது. டென்வரில் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு தீ எரித்தாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது. கொதிப்பது கண்ணுக்குத் தெரியும், பருப்போ வேகாது. கொடைக்கானலில் டீச்சராக இருந்த என் சித்தி, "இந்த ஊர்ப் பருப்புக்கு நெஞ்சழுத்தம்" என்பார். பருப்புக்கு அல்ல, காற்றுக்குத்தான் அழுத்தம் போதவில்லை!

குக்கர் இந்தக் குறையை ஈடுகட்டுகிறது. ஆவியை அடைத்து, அழுத்தத்தைக் கூட்டி, சூட்டை 110 டிகிரிக்கு மேலே கொண்டுபோகிறது. ஆனால் வெளியே இருக்கும் காற்றோடு சேர்த்துத்தானே மொத்த அழுத்தம்? அதனால் மலையில் குக்கருக்குள்ளும் சூடு சில டிகிரி குறைவுதான். 2,000 அடிக்கு மேல் ஒவ்வோர் 1,000 அடிக்கும் நேரத்தை நூற்றுக்கு ஐந்து பங்கு கூட்டவேண்டும் என்பது கணக்கு. டென்வருக்கு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு வரும். 12 நிமிடத்தை 14 ஆக்கினேன். பருப்பை முன்னதாக அரை மணி ஊறவும் வைத்தேன்.

பருப்பு வெண்ணெயாக வெந்தது. நெய் விட்டுப் பிசைந்து, பூண்டு ரசம் ஊற்றி, மகளுக்கு முதல் உருண்டையைக் கையிலேயே கொடுத்தேன். "தப்பு உன் கையிலே இல்லேடி. சிரிச்ச என் வாயிலேதான்" என்றேன். அவள் வாய் நிறையச் சாதத்தோடு சிரித்தாள்.

இன்னொன்றும் அப்போதுதான் சொன்னாள். ஏழாம் மாதத்தில் அந்தக் குக்கரில் ராஜ்மா வைத்து, அரைகுறையாக வெந்ததைச் சாப்பிட்டு, இரவெல்லாம் வாந்தியாம். மசக்கை என்று விட்டுவிட்டாள். அதுதான் காரணம் என்று இப்போது சொல்ல முடியாது. ஆனால் சகோதரிகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: சிவப்பு ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு நச்சு உண்டு. நன்றாக ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதித்து முழுக்க வெந்தால்தான் அது அழியும். மிதமான சூட்டில் வெகுநேரம் கிடந்தால் நச்சு குறையாது, கூடவும் செய்யும். பிரஷர் ஏறாத குக்கரில் ராஜ்மா முழுக்க வேகாமல் போகலாம். கடிபடும் ராஜ்மாவை, வீணாகிறதே என்று யாருக்கும் போடாதீர்கள்.

மலையில் கேட்ட விசில்

செப்டம்பரில் சம்பந்தியம்மா வந்து சேர்ந்தார். நான் கிளம்ப, அவர் பொறுப்பேற்க. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இது வழக்கமாகிவிட்டதே! எங்களுக்குள் அவ்வளவு பேச்சுப் பழக்கம் கிடையாது. கல்யாணத்தில் வந்த ஏதோ சின்ன மனஸ்தாபம், மரியாதையான மௌனமாக நின்றுபோயிருந்தது.

"நீங்க ரெண்டு பேரும் ஒருநாள் மலைக்குப் போயிட்டு வாங்க. குழந்தையை அவ்வளவு உயரத்துக்கு இப்போ தூக்கிட்டுப் போக வேண்டாம், நானும் அவளும் வீட்டிலேயே இருக்கோம்" என்று மகள் எங்களை மாப்பிள்ளையோடு அனுப்பி வைத்தாள்.

ராக்கி மலை தேசியப் பூங்கா 1915-இல் ஏற்பட்டது. அதற்குள் ஒரு சாலை 12,183 அடிவரை ஏறுகிறது. நம் ஊட்டியைவிட ஏறக்குறைய 5,000 அடி அதிகம்! குளிர்காலம் முழுவதும் பனி மூடிக் கிடக்குமாம். ஓர் உயரத்துக்கு மேல் மரமே இல்லை. தரையோடு ஒட்டிய புல்லும் பாசியும் பாறையும்தான். காற்று ஆளைத் தள்ளுகிறது. பிளாஸ்கிலிருந்து காப்பியை ஊற்றி ஆளுக்குப் பாதியாகக் குடித்தோம். "இங்கே தண்ணி 88 டிகிரியிலேயே கொதிக்கும் சம்பந்தியம்மா" என்று என் புதுப் படிப்பை அவிழ்த்துவிட்டேன். "அப்போ இங்கே பருப்பு?" என்றார். "ராத்திரிக்கு வெச்சா காலையிலே பார்க்கலாம்" என்றேன். அவர் சிரித்ததை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன்.

இறங்கும் வழியெல்லாம் ஆஸ்பென் மரங்கள், மஞ்சளில் முக்கி எடுத்தது போல. சாயங்காலம் கீழே ஒரு புல்வெளி ஓரமாக வண்டியை நிறுத்தினார் மாப்பிள்ளை. தூரத்தில் கிளைக்கொம்போடு பெரிய பெரிய எல்க் மான்கள். அதில் ஒன்று கழுத்தை நீட்டி, கீச்சென்று ஒரு சத்தம் எழுப்பியது. நீளமாக, உச்சஸ்தாயியில்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். "குக்கர் விசில்!" என்று இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் வாயில் வந்தது. இலையுதிர் காலத்தில் ஆண் மான் துணையைக் கூப்பிடும் குரலாம் அது. ஐந்து மாதமாக நான் காத்திருந்த விசில் கடைசியில் மலையில் கேட்டது.

ஒப்படைத்தது

புறப்படும் நாள் காலையில் சம்பந்தியம்மாவைச் சமையலறைக்குக் கூப்பிட்டு மூடியைக் கையில் கொடுத்தேன். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். இத்தகைய குக்கர் இப்போது நம் ஊர் வீடுகளிலும் வந்துவிட்டதே!

1. குமிழ் 'அடைப்பு' நிலையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விசிலை எதிர்பார்க்காதீர்கள், குண்டைப் பாருங்கள். குண்டு எழும்பிய பிறகுதான் நேரம் ஓட ஆரம்பிக்கும்.

2. விளிம்பில் ஆவி கசிந்தால் வளையம். சரியாக உட்கார்ந்திருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா, பாத்திர விளிம்பில் பருக்கை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வளையம் எப்போதும் கைவசம் இருக்கட்டும்.

3. குண்டு அசையாவிட்டால் கழற்றிக் கழுவுங்கள். பருப்பு வைத்த நாளெல்லாம் கழுவினால் நல்லது.

4. ஆவியே வராவிட்டால் தண்ணீர் போதவில்லை, அல்லது அடியில் கெட்டியாக ஒட்டியிருக்கிறது. பருப்பு, அரிசி, பயறு எல்லாம் பொங்குபவை. பாத்திரத்தில் பாதிக்கு மேல் வேண்டாம்.

5. உள்பாத்திரத்தை வைக்காமல் வெளிக்கூட்டில் தண்ணீரோ அரிசியோ கொட்டிவிடாதீர்கள். அடியில் இருப்பது மின்சாரம். குண்டு கீழே இறங்காமல் மூடியை நெம்பாதீர்கள். எல்லாம் சரியாக இருந்தும் சூடே ஏறாவிட்டால் நீங்களாகத் திருகாணியைக் கழற்றாதீர்கள். பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

திருச்சி வந்து சேர்ந்த மறுநாள் காலை என் பழைய குக்கர் மூன்று விசில் அடித்தது. நான் எண்ண மறந்து நின்றேன். அதற்குள் போன் வந்தது. மகள்தான். "அம்மா, அத்தை இன்னிக்கு சாம்பார் வெச்சாங்க. கேளு" என்று போனைக் குக்கரிடம் கொண்டுபோனாள் போலிருக்கிறது.

'டக்' என்றது.

போனில் பெண்கள் ஏதாவது சின்னக் குறை சொன்னால், சிரிப்பதற்கு முன்னால், என்ன, ஏது என்று ஒரு வார்த்தை கேளுங்கள் தாய்மார்களே. நான் கேட்டிருந்தால், என் மகள் அந்த மூன்று மாதமும் பருப்புச் சாதம் சாப்பிட்டிருப்பாள்.